கரையில் வைத்தே ஓட்டை பார்ப்பது



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது வாசியுங்கள். உயர்தரம் முடித்துவிட்டு மடிக்கணினியும் கையுமாக இருக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் கட்டாயம் வாசியுங்கள்.

போன கிழமை பாடசாலை விட்டு வரும்போது உட்துறைமுக வீதியில் ஒரு வாப்பா என்னை மறித்தார். கடல் தொழில் செய்பவர். அவருடைய மகன் என்னிடம் கணிதம் படித்தவன். இப்போது இருபத்தொரு வயது.

"டீச்சர், நீங்க ஒருக்கா அவனுக்குப் புத்தி சொல்லுங்க. ராவு ரெண்டு மணி வரைக்கும் முழிச்சிருக்கான். யாரோ வெளிநாட்டுக்காரனுக்கு வேலை செஞ்சு குடுக்கானாம். சல்லி ஒண்டும் இல்லையாம். இது என்ன வேலை டீச்சர்?"

அந்த இடத்தில் எனக்குப் பதில் வரவில்லை. உண்மையைச் சொன்னால், மூன்று மாதத்துக்கு முன் அந்தத் தம்பி என்னிடம் வந்து இதே விடயத்தைச் சந்தோஷமாகச் சொன்னபோது நானும் அவனுடைய வாப்பா மாதிரித்தான் பேசினேன். "இதை விட்டுட்டு ஒரு கோர்ஸ் செய், சேர்டிபிகேட்டாவது மிஞ்சும்" என்றேன். நான் சொன்னது பிழை. அதைத் திருத்தத்தான் இந்தப் பதிவு.

முதலில் அவன் செய்யும் வேலையைச் சொல்கிறேன். நான் கணினி ஆசிரியர் இல்லை. அவனை உட்கார வைத்துக் கேட்டு விளங்கிக்கொண்டதைத்தான் எழுதுகிறேன்.

இணையப் பக்கங்களை இப்போது பலர் அடியிலிருந்து எழுதுவதில்லை. ரியாக்ட், வியூ, ஆங்குலர் என்று தயார் நிலையில் சட்டகங்கள் இருக்கின்றன. வீடு கட்டும்போது தூணும் பீமும் போட்டுத் தந்தால் சுவர் எழுப்புவது நம் வேலை என்பது போல. அந்தச் சட்டகத்துக்குள் கோட் எழுதும்போது மனிதர் பிழை விடுவார்கள். பக்கம் வெளியாகி ஆயிரம் பேர் பாவிக்கத் தொடங்கிய பிறகு பிழை தெரிந்தால் அவதி. எழுதும்போதே "இந்த வரியைப் பார், இங்கே பிழை இருக்கலாம்" என்று அடிக்கோடு போட்டுக் காட்டும் ஒரு கருவி இருக்கிறது. அதற்கு லின்டர் என்று பெயர்.

பெயருக்குக் கதை உண்டு. உடுப்பில் ஒட்டியிருக்கும் பஞ்சுத் தூசிக்கு ஆங்கிலத்தில் லின்ட் என்பார்கள். 1978இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ஸ்டீபன் ஜோன்சன் என்பவர் சி மொழிக்கு இப்படியொரு கருவியை எழுதி அந்தப் பெயரை வைத்தார். உடுப்பு நல்ல உடுப்புத்தான், தூசியைத் தட்டிவிட்டுப் போட்டுக்கொள் என்ற கருத்து. 2013இல் நிக்கலஸ் ஸாக்காஸ் என்பவர் ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்காக ஈஎஸ்லின்ட் என்பதைத் தொடங்கினார். அதன் சிறப்பு, யார் வேண்டுமானாலும் புதிய விதி எழுதிச் சேர்க்கலாம் என்பது. அப்படிச் சேர்க்கும் விதித் தொகுப்புகளைப் பிளகின் என்கிறார்கள். வியூவுக்கு ஒன்று, ரியாக்டுக்கு ஒன்று, ஆங்குலருக்கு ஒன்று என்று பல இருக்கின்றன.

ஒரு விதியை உதாரணமாகச் சொல்கிறேன். வியூ பிளகினில் இருப்பது. ஒரு பட்டியலைத் திரையில் வரிவரியாகக் காட்டினால் ஒவ்வொரு வரிக்கும் தனியான ஓர் அடையாளம் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பிழை என்று காட்டும். ஏன்? வரவு இடாப்பை நினைத்துப் பாருங்கள். என் வகுப்பில் பாத்திமா மூன்று பேர். சுட்டெண் இல்லாமல் பெயரை மட்டும் வைத்து வரவு போட்டால், நடுவில் ஒரு பிள்ளை விலகிப் போனதும் ஒருத்திக்குப் போட்ட அடையாளம் இன்னொருத்தியின் வரிக்கு ஏறிவிடும். திரையிலும் இதே குழப்பம் நடக்கும். பட்டியலின் ஒழுங்கு மாறும்போது ஒரு வரியில் போட்ட சரி அடையாளம் வேறு வரியில் போய் நிற்கும். அந்தப் பட்டியல் மருந்துப் பட்டியலாகவோ நிவாரணப் பட்டியலாகவோ இருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

இப்படியான ஒரு பிளகினில்தான் தம்பி கை வைத்தான். ஒரு விதி, சரியாக எழுதிய கோட் ஒன்றையும் பிழை என்று காட்டுவதை அவன் கண்டுபிடித்தான். காரணத்தைத் தேடினான். திருத்தம் மொத்தமே 11 வரி. அதில் ஏழு வரி சோதனை. அனுப்பினான். பொறுப்பாளர் மூன்று தடவை திருப்பி அனுப்பினார். நாலாவது தடவை சேர்த்துக்கொண்டார். எல்லாம் முடிய மூன்று கிழமை.

அந்தச் சோதனை வரிகளைக் காட்டியபோதுதான் எனக்கு விடயம் பிடிபட்டது. ஒவ்வொரு விதியோடும் இரண்டு பட்டியல் வைக்க வேண்டும். ஒன்று, சரியான கோட் உதாரணங்கள். விதி இவற்றைத் தொடக்கூடாது. மற்றது, பிழையான உதாரணங்கள். இவற்றை விதி பிடித்தே ஆக வேண்டும். இது நாங்கள் பரீட்சை விடைத்தாள் திருத்த உட்காரும் முன் கையில் எடுக்கும் புள்ளித் திட்டம்தானே! எந்த விடைக்குப் புள்ளி, எந்த விடைக்கு இல்லை, மாற்று வழியில் செய்திருந்தால் என்ன செய்வது.

திருத்துகிறவருக்கு இரண்டு வகையில் பிழை வரலாம். பிழையான விடைக்குச் சரி போடுவது ஒன்று. சரியான விடைக்குப் பிழை போடுவது மற்றது. ஆசிரியர் கலாசாலையில் படித்த காலத்தில் முதலாவதைத்தான் நான் பெரிதாக நினைத்தேன். படிப்பிக்க வந்த இரண்டாம் வருடம் ஒரு பிள்ளை பின்னக் கணக்கொன்றை நான் சொல்லிக் கொடுக்காத வழியில் செய்திருந்தாள். அவசரத்தில் சிவப்புக் கோடு போட்டுவிட்டேன். அவள் வந்து கேட்கவேயில்லை. ஒரு மாதம் கழித்துத் தற்செயலாக அந்தக் கொப்பியைப் பார்த்தபோது விடை சரி என்று தெரிந்தது. அதற்குள் அவள் தன் வழியை விட்டுவிட்டு என் வழியில் செய்யப் பழகியிருந்தாள். இன்றைக்கும் அது எனக்கு உறுத்தும். சரியானதைப் பிழை என்றால் பிள்ளை தன் புத்தியையே சந்தேகப்படத் தொடங்கிவிடும். அந்தத் தம்பி திருத்தியது இந்த இரண்டாவது வகைப் பிழையை.

இனி நான் சொல்ல வந்த கருத்துக்கு வருகிறேன்.

சிவப்புப் பேனா யார் கையில் இருக்கிறதோ அவருக்குத் தெரிந்ததுதான் சரி என்றாகிவிடும். கணினியில் தமிழில் நாலு வரி தட்டச்சு செய்தால் எத்தனை இடத்தில் எல்லாச் சொல்லுக்கும் கீழே சிவப்புக் கோடு வருகிறது! நம் உம்மாவின் பெயர் பிழை, நம் ஊரின் பெயர் பிழை. கருவி எழுதியவருக்கு நம் மேல் கோபம் ஒன்றும் இல்லை. விதி எழுதும் இடத்தில் நம்மில் யாரும் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

இன்னும் நுணுக்கமான ஒன்றைத் தம்பி காட்டினான். இணையப் படிவத்தில் பெயர் தமிழில் இருக்கிறதா என்று பார்க்க 'அ முதல் ஹ வரை' என்று ஒருவர் கோட் எழுதுகிறார் என்று வையுங்கள். பார்த்தால் சரி போலத்தான் இருக்கும். ஆனால் கணினிக்குள் 'பா' என்பது 'ப' ஒன்று, துணைக்கால் ஒன்று என்று இரண்டாகவே இருக்கிறது. துணைக்காலும் விசிறியும் கொம்பும் புள்ளியும் அந்த 'அ முதல் ஹ வரை' எல்லைக்கு வெளியே நிற்கின்றன. ஆகவே 'பாத்திமா' என்று எழுதினால் படிவம் ஏற்காது. 'கமல' என்றால் ஏற்கும். ஒரு பிள்ளை விண்ணப்பம் போட முடியாமல் திரும்ப இந்த ஒரு வரி போதும்.

இதற்குப் பக்கத்தில் வரும் ஒரு பிழையைப் பிடிக்க ஈஎஸ்லின்டில் விதி இருக்கிறது. ஒரே எழுத்தாகத் தெரிந்தாலும் உள்ளே இரண்டு குறியீடாக இருப்பதைச் சதுர அடைப்புக்குள் போட்டால், "இதை நான் ஒன்றாக எடுக்க மாட்டேன், கவனம்" என்று எச்சரிக்கும். நம் 'கி'யை அப்படிப் போட்டாலும் எச்சரிக்கும். 2018இல் அந்த விதியை எழுதியவர் டோரு நாகஷிமா என்ற ஜப்பான்காரர். அடுத்த வருடம் வந்த ஆறாம் பதிப்பிலிருந்து பரிந்துரைக்கப்படும் விதிகளின் வரிசையில் அதுவும் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு குறியீடு என்பதால் இந்தத் தொல்லை அநேகமாக வராது. வேறு எழுத்து முறையில் வளர்ந்தவருக்கு அது கண்ணில் படுகிறது. அவர் நமக்காக அதை எழுதவில்லை. ஆனாலும் அதனால் நம் 'கி' காப்பாற்றப்படுகிறது.

வியூ பிளகினின் கதையும் அப்படித்தான். வியூவை 2014இல் வெளியிட்டவர் சீனாவில் பிறந்த எவன் யூ. அதன் லின்டிங் பிளகினில் பெரும் பங்கு வேலை செய்தவர்களில் நாகஷிமாவும் இருக்கிறார், யோசுகே ஓட்டா என்ற இன்னொரு ஜப்பான்காரரும் இருக்கிறார். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் எழுதிய விதிகளை இன்று ஆங்கிலேயர்களும் பின்பற்றுகிறார்கள். நம் பிள்ளைகள் ஏன் அந்த மேசையில் இருக்கக் கூடாது? மேலே சொன்ன 'அ முதல் ஹ வரை' பிழையை நாகஷிமாவின் விதி பிடிக்காது. அதைப் பிடிக்கும் விதியை எழுத வேண்டியவர் தமிழ் எழுத்து எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தவர்தான். அவர் கிண்ணியாவிலோ ஜமாலியாவிலோ மூதூரிலோ இருக்கலாம்.

"சரி டீச்சர், ஆனா சல்லி?" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நியாயமான கேள்வி. பெரிய பெரிய கம்பனிகள் இந்தக் கருவிகளை இலவசமாக எடுத்துப் பாவித்து இலாபம் பார்க்கின்றன. எழுதியவருக்கு ஒரு நன்றிகூட வராமல் போவதும் உண்டு. அதை நான் மறைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அந்த வாப்பாவின் வீட்டுக்கே போனேன். மகனைப் பற்றி எடுத்த எடுப்பில் பேசவில்லை. போட்டைப் பற்றிக் கேட்டேன்.

"கடலுக்குப் போக முந்தி என்னெல்லாம் பாப்பீங்க?"

அவர் உற்சாகமாகச் சொன்னார். அடியைத் தடவிப் பார்ப்பாராம், வெடிப்பு இருந்தால் கைக்குத் தெரியுமாம். பிறகு எஞ்சின், எண்ணெய், கயிறு, நங்கூரம். "கரையில வச்சுப் பாத்தாத்தான் டீச்சர். கடல்ல போய் ஓட்டை தேடேலாது."

"பக்கத்துல நிக்கிற போட்டுல வெடிப்புத் தெரிஞ்சா?"

"சொல்லுவன்."

"சல்லி வாங்குவீங்களா?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "அதுக்கு ஆராவது சல்லி வாங்குவானா? அவனும் புள்ள குட்டிக்காரன்தானே."

"ஒங்கட மகன் செய்றதும் அதுதான்" என்றேன். "அவன் ஊர் ஊரா நிக்கிற போட்டையெல்லாம் தடவிப் பாக்கான்."

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்ப ராவு ரெண்டு மணி வரைக்கும் தடவ வேணுமா?" என்று கேட்டார். அதற்கும் என்னிடம் பதில் இல்லை. சிரித்துவிட்டோம். தூக்க விடயத்தில் வாப்பா சொல்வதுதான் சரி என்று தம்பியிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

இலவசமாகச் செய்த வேலை நமக்கே திரும்பி வந்த வரலாறும் நம் நாட்டில் இருக்கிறது. 2004 டிசம்பர் 26ஐ இந்தக் கரையில் யாரும் மறக்க மாட்டோம். கிண்ணியாவும் மூதூரும் பட்ட பாடு நமக்குத் தெரியும். யார் காணாமல் போனது, யார் எந்த முகாமில், எந்த முகாமுக்கு என்ன தேவை என்று கணக்கு வைக்க வழியில்லாமல் நாடே தடுமாறியது. அந்த நாட்களில் இலங்கையின் மென்பொருள் இளைஞர்கள் தொண்டர்களாகச் சேர்ந்து 'சஹனா' என்ற மென்பொருளை எழுதினார்கள். லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷன் அதற்குத் துணை நின்றது. சிங்களத்தில் சஹன என்றால் நிவாரணம். யாரும் எடுத்துப் பாவிக்கலாம், திருத்தலாம் என்று திறந்தே வைத்தார்கள். 2005இல் பாகிஸ்தானில் பூகம்பம் வந்தபோது அது அங்கே போனது. 2010இல் ஹெய்ட்டி பூகம்பத்துக்கும் போனது. சமூகப் பயனுள்ள திட்டத்துக்கான 2006ஆம் ஆண்டு விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சஹனாவுக்குத்தான் கொடுத்தது. நம் துயரத்தில் பிறந்த ஒரு வேலை, நாம் பார்த்தேயிராத மனிதர்களுக்கு உதவியது. பயன்தரும் கல்வியின் நன்மை மௌத்துக்குப் பிறகும் தொடரும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இது அந்த வகையில் சேராது என்று யார் சொல்வது?

அடுத்த பயம் ஆங்கிலம். அந்தத் தம்பிக்குச் சாதாரண தரத்தில் ஆங்கிலத்துக்கு எஸ். பொறுப்பாளர் எழுதிய குறிப்புகளைக் காட்டினான். எல்லாம் இரண்டு வரி, மூன்று வரி. "இந்த உதாரணத்தையும் சேர்", "இந்தப் பெயரை மாற்று", "இது ஏன் என்று சொல்". அவன் எழுதிய பதில்களில் இலக்கணப் பிழை இருந்தது. யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. காரணம் சரியா, சோதனை தேறியதா என்று மட்டும்தான் பார்த்தார்கள்.

எனக்கு அதில் பிடித்தது இன்னொன்று. மூன்று தடவை பிழை என்றார்கள், உலகமே பார்க்க. அவன் வெட்கப்படவில்லை. நம் பிள்ளைகள் சிவப்பு மை விழுந்த தாளை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் புத்தகப் பையின் அடியில் ஒளிக்கிறார்கள். திருத்தம் என்றால் அவமானம் என்று நாம்தான் பழக்கியிருக்கிறோம், ஆசிரியர்களும் பெற்றோரும் சேர்ந்து. அங்கே திருத்தம் என்பது வேலையின் ஒரு பகுதி. பத்து வருடம் பாடசாலையில் படித்து நம்மிடம் கற்காததை அவன் மூன்று கிழமையில் முகம் தெரியாத ஒருவரிடம் கற்றுக்கொண்டான். ஆசிரியையாக எனக்கு அது கொஞ்சம் வலித்தது.

வேலை கேட்டுப் போகும் இடத்திலும் இது உதவும். ஆறு மாதக் கோர்ஸின் சேர்டிபிகேட் பணம் கட்டிய எல்லாருக்கும் கிடைக்கும். கிட்ஹப்பில் இருக்கும் 11 வரியை யாரும் திறந்து பார்க்கலாம். என்ன பிழை விட்டான், சொன்னதும் எப்படித் திருத்தினான் என்பதுகூட அங்கே இருக்கிறது. இதனால் வேலை நிச்சயம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் காட்டுவதற்குக் கையில் உண்மையான ஒன்று இருக்கும்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 2020 ஒக்டோபரில் ஒரு போட்டி நடந்தது. நான்கு திருத்தம் அனுப்பினால் டீ-சேர்ட். அதற்காக நூற்றுக்கணக்கானோர் ஒரு சொல்லைச் சேர்ப்பதும் ஒரு புள்ளியை மாற்றுவதுமாகக் குப்பையை அனுப்பிக் குவித்தார்கள். பொறுப்பாளர்கள் வெறுத்துப்போய், விரும்பிச் சேரும் திட்டங்களை மட்டும்தான் கணக்கில் எடுப்போம் என்று போட்டியின் விதியையே நடுவில் மாற்ற வேண்டியதாயிற்று. நம் பிள்ளைகள் அந்த வழியில் போகக் கூடாது. எண்ணிக்கைக்காக அனுப்பும் ஒவ்வொரு திருத்தமும் சம்பளமில்லாமல் உட்கார்ந்திருக்கும் ஒருவரின் நேரத்தைத் திருடுவது.

ஆகவே என் வேண்டுகோள்கள் இவை.

தம்பி தங்கைகளுக்கு: முதலில் உங்கள் சொந்தக் கோடில் லின்டரைப் போட்டுப் பாருங்கள். அது பிழை என்று காட்டும்போது கோபப்படாமல் அந்த விதியின் விளக்கத்தை வாசியுங்கள். பிறகு அதன் சோதனைகளை வாசியுங்கள். விதி நியாயமில்லாமல் காட்டுகிறது என்று தோன்றினால், அதை ஏற்கனவே யாராவது முறைப்பாடு செய்திருக்கிறார்களா என்று தேடுங்கள். இல்லாவிட்டால் மிகச் சிறிய உதாரணம் ஒன்றைத் தயார் செய்து கேளுங்கள். அதன் பிறகுதான் திருத்தம். உயர்தரப் பரீட்சைக்கு இருப்பவர்கள் பரீட்சை முடியும் வரை பொறுங்கள். இது எங்கேயும் ஓடிப்போகாது.

பெற்றோருக்கு: "எவ்வளவு தந்தான்" என்று கேட்கும் முன் "என்ன திருத்தினாய்" என்று ஒருக்கா கேளுங்கள். விளங்காவிட்டாலும் பரவாயில்லை. உங்களுக்கு விளங்கும்படி சொல்ல அவன் முயற்சி செய்வதே அவனுக்குப் பயிற்சி. அதே நேரம் வீட்டில் அடுப்பெரிய அவன் உழைப்புத்தான் வழி என்றால், அதுதான் முதல் கடமை. மாதத்தில் ஒரு நாள் போதும் இதற்கு.

ஆசிரியர்களுக்கும் ஊர்ச் சங்கங்களுக்கும் பள்ளிவாசல் நிர்வாகத்தினருக்கும்: பரிசளிப்பு விழாவில் கொடுக்கும் கேடயங்களில் சிலவற்றைக் குறைத்தால் பிள்ளைகளின் டேட்டா செலவுக்கு உதவலாம். வாரத்தில் ஒரு மாலை, ஒரு அறை, இரண்டு மூன்று கணினி, ஏற்கனவே செய்து பழகிய ஒரு தம்பி. ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் என்று வைத்துவிடாதீர்கள். வீட்டில் இருந்தபடியே செய்யக்கூடிய இந்த வேலை நம் பெண்பிள்ளைகளுக்கு எவ்வளவு பொருத்தம் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

என் பங்குக்கு, தமிழ் எழுத்தில் எது சரி, எது பிழை என்று இரண்டு பட்டியல் எழுதத் தொடங்கியிருக்கிறேன். உயிர்மெய் எப்படிப் பிரியும், எந்தப் பெயரையெல்லாம் ஒரு படிவம் ஏற்க வேண்டும், எதை ஏற்கக் கூடாது என்று. கோட் எழுத எனக்குத் தெரியாது. புள்ளித் திட்டம் எழுதத் தெரியும். மிச்சத்தைத் தம்பி பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறான். முதல் பட்டியலின் முதல் வரியில் 'பாத்திமா' என்று எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டில் உள்ள பெயர்களைக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். குறிப்பாக, எங்கேயாவது ஒரு படிவம் ஏற்க மறுத்த பெயர் இருந்தால் அதை.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் அறிவில் பரகத் செய்வானாக.

வஸ்ஸலாம்.